பள்ளி மேட்சை லைவ் போடுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் என் மகள் படித்த அரசுப் பள்ளியின் கூடைப்பந்து ஆட்டங்களைப் பல வருடங்களாக லைவ் போட்டு வருகிறேன். இந்த வருடம் புதிதாக வந்த பெற்றோர் இருவர், அனுமதி எதற்கு என்று, ஆரம்பத்தில் நான் சொன்னதையே வார்த்தை மாறாமல் சொன்னார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். கேமரா ஆடுவது, பேட்டரி தீர்வதெல்லாம் இரண்டு ஆட்டத்தில் சரியாகிவிடும். சட்டத்தில் சறுக்கினால் அப்படி இல்லை.

"நம் வரிப்பணத்துப் பள்ளிதானே, யார் கேட்பது?"

ஒரு வருடம் விளையாட்டுப் பருவம் முழுக்கப் பள்ளியின் அனுமதியோடு ஒளிபரப்பினேன். அப்புறம் மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் நடத்தும் தொடரின் முதல் சுற்று வந்தது. அதே அரங்கம், அதே பிள்ளைகள். தனியாகக் கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. இரண்டாம் பாதியில் போட்டி நிர்வாகி வந்து நிறுத்தச் சொன்னார். பேத்தி ஆடுவதைப் பார்க்க மதுரையில் விடிகாலையில் எழுந்து உட்கார்ந்திருந்த என் அம்மாவுக்குப் பாதியில் படம் போய்விட்டது. மாநிலச் சங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை பள்ளிக்கு வந்தது. அடுத்த வருடம் முழுக்க எனக்கு அனுமதி இல்லை.

இதே பிரச்சினையில் ஒரு வழக்கு ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது என்பதுதான் இன்றும் எனக்கு எரிச்சல். 2008இல் கனெட் என்ற பத்திரிகைக் குழுமத்தின் ஆப்பிள்டன் நகரப் பத்திரிகை, விஸ்கான்சின் பள்ளி விளையாட்டுச் சங்கத்தின் அமெரிக்கக் கால்பந்துத் தொடர் ஆட்டங்களை அனுமதியில்லாமல் இணையத்தில் நேரலையாகக் காட்டியது. சங்கம் நீதிமன்றம் போனது. அரசு அமைப்பு போலச் செயல்படும் சங்கம் ஒளிபரப்பை ஒரே நிறுவனத்துக்குக் கொடுப்பது கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று பத்திரிகைகள் வாதாடின. 2011இல் விஸ்கான்சினுக்கான கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் (ஏழாவது சர்க்யூட்) அதை ஏற்கவில்லை. ஆட்டத்தைப் பற்றி எழுதலாம், படம் எடுக்கலாம், பேட்டி காணலாம். முழு ஆட்டத்தையும் ஒளிபரப்புவது வேறு விஷயம் என்றது. 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த, பீரங்கியிலிருந்து பாயும் வித்தைக்காரர் ஸக்கீனியின் வழக்கும் அதற்குத் துணை நின்றது. அவருடைய வித்தை மொத்தமே 15 விநாடிதான். செய்தியில் அதை முழுதாகக் காட்டியதே தகராறானது.

ஆக, கட்டடம் யாருடையது என்று பார்க்காதீர்கள். ஆட்டத்தை நடத்துவது யார் என்று பாருங்கள். பருவ ஆட்டம் என்றால் நடத்தும் பள்ளியிடமும், தொடர் என்றால் மாநிலச் சங்கத்திடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

1961 சட்டத்தைத் தவறாகப் படிப்பது

"வெள்ளி இரவு ஒளிபரப்பக் கூடாதாமே" என்று கேட்கிறார்கள். விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம் என்ற அந்தக் கூட்டாட்சிச் சட்டம் கட்டிப்போடுவது தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து லீகை. செப்டம்பர் இரண்டாம் வெள்ளி முதல் டிசம்பர் இரண்டாம் சனி வரை, வெள்ளி மாலை 6 மணிக்கு மேலும் சனிக்கிழமையும், பள்ளி அல்லது கல்லூரிக் கால்பந்து நடக்கும் இடத்திலிருந்து 75 மைலுக்குள் உள்ள நிலையங்களில் லீகின் ஆட்டம் ஓடினால், அந்த ஒளிபரப்புக்கு ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து கிடைக்கும் விலக்கு போய்விடும். பள்ளி மைதானத்துக் கூட்டம் குறையாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. உங்களுக்கு எதிரானதல்ல.

இடைவேளைப் பாட்டு

அரங்கில் போடும் பாட்டுக்குப் பதிப்புரிமை இருக்கும். அப்போது ஒலியை அணைத்துவிடுங்கள்.

பெயர்ப் பட்டியலை அப்படியே வாசிப்பது

மாணவரின் விளையாட்டுப் பங்கேற்பு, உயரம், எடை ஆகியவற்றைப் பள்ளி வெளியிட 1974இன் கல்வித் தனியுரிமைச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பெற்றோர் வேண்டாமென்று எழுதிக் கொடுக்கலாம். பள்ளியின் சேனலில் போடுகிறீர்கள் என்றால், யார் அப்படிக் கொடுத்திருக்கிறார்கள் என்று ஆட்டத்துக்கு முன்பே கேளுங்கள். அந்தப் பிள்ளையிடம் பந்து வந்தால் என்ன சொல்வது, கேமரா எப்படி வைப்பது என்பதையும் பள்ளியிடமே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.