‘ராத்திரிக்கு மட்டும் ஒரு பாட்டில்’: தாய்ப்பால் கொடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரசவ வார்டில் நர்ஸாக இருந்துவிட்டு, இப்போது வடசென்னையில் வீடு வீடாகப் போய்த் தாய்ப்பால் ஆலோசனை சொல்கிறேன். பெரம்பூர், கொளத்தூர், வியாசர்பாடி, எங்கே போனாலும் நாங்கள் பிள்ளை பெற்ற காலத்தில் பட்ட அதே பாட்டைத்தான் இன்றைய பெண்களும் படுகிறார்கள். ஸ்கேன் ரிப்போர்ட் கத்தையாக இருக்கிறது. குழந்தையை எப்படி மார்பில் பிடிக்க வேண்டும் என்று மட்டும் யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பாலைத் தொடங்க வேண்டும், முதல் ஆறு மாதம் அதைத் தவிர வேறெதுவும் வேண்டாம், தண்ணீர்கூட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். டாக்டர் எழுதித் தரும் விட்டமின் சொட்டு, மருந்து ஆகியவற்றுக்கு இதில் தடையில்லை. கை கழுவுவது, ஏப்பம் விட வைப்பது எல்லாம் வீட்டுப் பெரியவர்களே சொல்லிவிடுவார்கள். அதனால் மற்றவற்றுக்கு வருகிறேன்.

சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது

கொட்டாதீர்கள். பிரசவமானதும் முதலில் சுரக்கும் பால் அது. மஞ்சளாக, பிசுபிசுப்பாக இருப்பதுதான் அதன் இயல்பு.

சேனைத் தண்ணீர், தேன்

பிறந்ததும் நாக்கில் வைக்கும் இந்தச் சர்க்கரைத் தண்ணீரும் தேனும் வேண்டாம். அதிலும் தேன் ஒரு வயது வரை நாக்கில் படவே கூடாது. பச்சைக் குழந்தையின் குடலில் கொடிய நச்சை உண்டாக்கும் கிருமி அதில் இருக்கக்கூடும்.

காம்பை மட்டும் வாயில் வைப்பது

காம்பு வெடித்து ரத்தம் கசிகிறது என்று அழும் பெண்களில் பெரும்பாலோர் வீட்டில் நான் பார்ப்பது ஒரே காட்சிதான். தாய் முதுகை வளைத்துக் குனிந்திருப்பாள், குழந்தையின் கழுத்து மட்டும் பக்கவாட்டில் திரும்பியிருக்கும், காம்பின் நுனி அதன் உதட்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும்.

முதலில் முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்து உட்காருங்கள். குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றைத் தொட வேண்டும். காம்பால் அதன் மேலுதட்டைத் தடவினால் கொட்டாவி விடுவதுபோல வாயைத் திறக்கும். அந்த நொடியில் குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள், மார்பைக் குழந்தையிடம் இழுக்காதீர்கள். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ்ப்பகுதி பெரும்பாலும் வாய்க்குள் போயிருக்க வேண்டும், முகவாய் மார்பில் பதிய வேண்டும், கீழுதடு வெளியே மடங்கியிருக்க வேண்டும். சரியாகப் பிடித்திருந்தால் முதலில் வேகமாகச் சப்பி, அப்புறம் நிதானமாகி, விழுங்கும் சத்தம் மெல்லக் கேட்கும். வலித்தால் சுண்டுவிரலை வாயோரத்தில் விட்டுப் பிடியை விடுவித்து மறுபடி வையுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டியதில்லை.

‘ராத்திரிக்கு மட்டும் ஒரு பாட்டில்’

இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்குக் கோபம் வருவது இந்த ஒன்றில்தான்.

கதை எப்போதும் ஒன்றுதான். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருப்பாள். சாயங்காலம் ஏழு மணிக்குத் தொடங்கி நள்ளிரவு வரை குழந்தை விடாமல் பால் கேட்கும். கீழே போட்டால் அழும். “பால் பத்தல, புள்ள பசியில துடிக்குது பாரு” என்பார் மாமியார். அவர் கெட்டவர் இல்லை, பேரக்குழந்தை அழுவதைத் தாங்க முடியவில்லை. கணவர் தெருமுனை மெடிக்கல் ஷாப்புக்கு ஓடிப் பவுடர் டின்னும் பாட்டிலும் வாங்கி வருவார். குழந்தை 60 மில்லி குடித்துவிட்டு நாலு மணி நேரம் தூங்கும். எல்லோருக்கும் நிம்மதி. “பார்த்தியா, பசிதான்” என்று முடிவாகிவிடும்.

பவுடர் பால் செரிக்கத் தாய்ப்பாலைவிட நேரமாகும், அதனால் குழந்தை நீண்ட நேரம் தூங்குகிறது. அந்த நாலு மணி நேரம் மார்பில் பால் தேங்கி நிற்கிறது. தேங்கினால் சுரப்பைக் குறைத்துக்கொள்வதுதான் உடலின் வழக்கம், காலியானால்தான் மறுபடி சுரக்கும். அதுமட்டுமல்ல, பாலைச் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் இரவில்தான் அதிகமாக இருக்கும். ஆக, எந்த வேளைப் பால் சுரப்புக்கு மிகவும் முக்கியமோ அதையே எடுத்துப் பாட்டிலிடம் கொடுத்துவிடுகிறோம். ஒரு வாரத்தில் மத்தியானமும் பால் பத்தாமல் போகும், இரண்டாவது பாட்டில் வரும். அப்புறம் மூன்றாவது. இப்போது உண்மையிலேயே பால் பத்தாது.

பிறகு செலவு. முழுக்கப் பவுடரிலேயே வளரும் இரண்டு மாதக் குழந்தைக்கு 400 கிராம் டின் நாலைந்து நாள்கூடத் தாங்காது. மாதக் கடைசியில் டின் தீரும்போது, தண்ணீரைக் கூட்டிப் பவுடரைக் குறைத்துக் கலக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பால் வெள்ளையாகத்தான் இருக்கும், குழந்தையின் எடை ஏறாது.

கொருக்குப்பேட்டையில் ஒரு பெண். டிஸ்சார்ஜ் சீட்டிலேயே பவுடர் பெயர் எழுதியிருந்தது, காரணம் எழுதவில்லை. பால் பவுடருக்கு விளம்பரம் செய்யக் கூடாது, இலவச சாம்பிள் தரக் கூடாது என்று 1992-லேயே சட்டம் வந்து, 2003-ல் அது இன்னும் இறுக்கப்பட்டது. எழுதிக் கொடுத்தவர்களுக்கு அது தெரியாமலா இருக்கும்? நான் போனபோது குழந்தை மார்பைக் கண்டாலே உடம்பை விறைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டது. அந்தப் பெண் “என் உடம்புல பாலே இல்ல சிஸ்டர்” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். பாட்டிலை எடுத்துவிட்டு, பால் புகட்டும் மூக்கு வைத்த சின்னக் கிண்ணமான பாலாடைக்கு மாற்றினோம். குழந்தை அரைத்தூக்கத்தில் இருக்கும்போது, உடம்போடு உடம்பாக வைத்து மார்பைக் கொடுத்தாள். ஒவ்வொரு முறைக்குப் பிறகும் கையால் பீய்ச்சினாள். எடை பார்த்துப் பார்த்துப் பவுடரைக் குறைத்தோம். பால் திரும்ப வந்தது. ஆனால் அந்த வாரங்களில் அவள் பட்ட கஷ்டம் அநாவசியமானது.

அழுகையை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிறந்த அன்று குழந்தைக்கு ஒரு வேளைக்கு ஏறக்குறைய ஒரு டீஸ்பூன் போதும். பிறந்த எடையில் 7 சதவீதம் வரை முதல் சில நாளில் இறங்குவது சகஜம், இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிடும். சாயங்கால அழுகை அந்த வயதின் வழக்கம், அடிக்கடி குடித்துத்தான் குழந்தை நாளைய பாலுக்குச் சொல்லிவைக்கிறது. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறதா என்று மட்டும் பாருங்கள். டயப்பரில் இது தெரியாது. பகலிலாவது பழைய காட்டன் புடவையைக் கிழித்துக் கட்டுங்கள், ஈரத்துணியை எண்ணிவிடலாம்.

சிறுநீர் குறைந்தாலோ, எடை 10 சதவீதம் இறங்கினாலோ, பாலுக்குக்கூட எழுப்ப முடியாமல் குழந்தை துவண்டு கிடந்தாலோ, மஞ்சள் கை கால் வரை இறங்கினாலோ அன்றே டாக்டரிடம் போங்கள். அவர் பார்த்துப் பவுடர் தேவை என்றால் கொடுக்கத்தான் வேண்டும், அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை. எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் மார்பு, அப்புறம் பீய்ச்சிய பால், கடைசியில் பவுடர், அதுவும் பாலாடையில். அந்த வேளைக்கு மார்பையும் காலி செய்துவிடுங்கள்.

பம்ப் வைத்து அளந்து பார்ப்பது

பம்ப்பில் 20 மில்லிதான் வந்தது என்றால் உங்களிடம் 20 மில்லிதான் இருக்கிறது என்று அர்த்தமில்லை. குழந்தை இழுப்பதுபோல எந்த மெஷினும் இழுக்காது.

அக்னி நட்சத்திரத்தில் தண்ணீர் புகட்டுவது

மே மாதம் வந்தால் என் போன் ஓயாது. தாய்ப்பாலில் ஏறக்குறைய 88 சதவீதம் தண்ணீர்தான். வெயில் காலத்தில் குழந்தை அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும், கொடுங்கள். தண்ணீர் குடிக்க வேண்டியது அம்மா. பத்தியம் என்று சொல்லி அவளுக்குத் தண்ணீரையும் காய்கறியையும் குறைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. சுறாப்புட்டும் பூண்டும் செய்து கொடுங்கள், நல்லதுதான், ஆனால் தாகத்துக்குத் தண்ணீரும் கொடுங்கள்.

பால் கட்டினால் நிறுத்திவிடுவது

நிறுத்தினால் இன்னும் கட்டும். காய்ச்சலும் வந்தால் அன்றே டாக்டர், அப்போதும் கொடுக்கலாம்.

வேலைக்குக் கிளம்பும் வாரத்தில் பீய்ச்சக் கற்றுக்கொள்வது

சட்டப்படி முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் விடுப்பு, மாநில அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாதம். ஆனால் தி.நகர் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணும், வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணும் இரண்டாம் மூன்றாம் மாதமே திரும்பிவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கிளம்ப இரண்டு மூன்று வாரம் முன்பே கையால் பீய்ச்சிப் பழகுங்கள், மூடி போட்ட சின்ன எவர்சில்வர் டப்பா போதும். நம் ஊர் வெக்கையில் வெளியே வைக்காமல் உடனே ஃப்ரிட்ஜின் உள்பக்கம் வையுங்கள், கதவில் வேண்டாம். நாலு நாள் வரை இருக்கும். அடுப்பில் காய்ச்சாமல், வெந்நீர்க் கிண்ணத்துக்குள் டப்பாவை வைத்துச் சூடாக்குங்கள். வேலை இடத்தில் மறைவு கிடைக்காதவர்கள், 2015 முதல் பேருந்து நிலையங்களில் அரசு திறந்த பாலூட்டும் அறைகளில் பீய்ச்சிக்கொள்ளலாம். காலையில் கிளம்பும் முன் நேரடியாகக் கொடுங்கள், திரும்பி வந்ததும் கொடுங்கள், இரவில் கேட்கும்போதெல்லாம் கொடுங்கள். பகலில் கொஞ்சம் குறைந்தாலும் இரவில் குடிப்பதில் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும்.