டீசல் காரின் ஆயில் கறுப்பாகத்தான் இருக்கும்

ஆயில் மாற்றிய மறுநாள், ஆயில் அளவு காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்துவிட்டு, "பழைய ஆயிலையே விட்டுட்டாங்க" என்று பதறுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படி நினைத்தவன்தான். ஒருநாள் என் கையாலேயே ஆயிலை வடித்து, ஃபில்டரையும் மாற்றி, புது ஆயில் ஊற்றி, பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தேன். மை மாதிரி கறுப்பு. அன்றோடு நிறத்தைப் பார்த்து ஆயிலை எடைபோடுவதை விட்டேன்.

என் காருக்கு வயது 19. ஓடியது 2 லட்சத்து 80 ஆயிரம் கி.மீ. இந்த வயது எஞ்சினில் சம்ப்பை, அதாவது அடியில் ஆயில் தேங்கும் தொட்டியை, எவ்வளவு நேரம் வடியவிட்டாலும் ஆயில் கூலரிலும் உள்பாதைகளிலும் பழைய ஆயில் கொஞ்சம் தங்கிவிடும். அதிலிருக்கும் கரியே புது ஆயிலைக் கறுப்பாக்கப் போதும். டீசல் எரியும்போது உண்டாகும் கரித்துகள் ஒரு மைக்ரானைவிடச் சிறியது. ஃபில்டர் அதைப் பிடிக்காது. அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் மிதக்கவிடுவதற்கென்றே ஆயிலில் மருந்து கலந்திருக்கிறார்கள். ஆயில் கறுப்பது அந்த மருந்து வேலை செய்வதால்தான். அது தீர்ந்துபோனால்தான் கரி திரண்டு மண்டியாகப் படியும், ஆயில் கெட்டியாகும், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டும், சுழலும் தண்டுகளைத் தாங்கும் பேரிங்கும் தேயும். ஆக, நாம் கண்டுபிடிக்க வேண்டியது அந்த மருந்து இன்னும் மிச்சமிருக்கிறதா என்பதை.

முதலில் அளவு. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். நான் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பு, அதே இடத்தில் வைத்துப் பார்க்கிறேன். சூடாகப் பார்க்கச் சொல்லி உங்கள் கையேட்டில் இருந்தால் அப்படியே செய்யுங்கள். எப்படிப் பார்த்தாலும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பார்க்க வேண்டும். பழைய எஞ்சின் கொஞ்சம் ஆயில் குடிப்பது சகஜம், எத்தனை கி.மீ.க்கு எவ்வளவு ஊற்றினீர்கள் என்று குறித்து வைத்தால் போதும். பயப்பட வேண்டியது ஆயில் கூடும்போது.

எனக்கு அது நடந்தது. ஆயில் மாற்றி 2,000 கி.மீ. கூட ஆகவில்லை. ஊற்றாமலே டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டி அரை விரல் ஏறியிருந்தது. குச்சியை மூக்கருகே கொண்டுபோனால் டீசல் வாடை. எஞ்சினின் மேல்மூடியான ராக்கர் கவரைக் கழற்றியபோது உள்ளே, இன்ஜெக்டரில் மிஞ்சிய டீசல் திரும்பிப் போகும் ரிட்டர்ன் பைப் இணைப்பில் கசிவு. பைப்பை மாற்றிய கையோடு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினேன். புது ஆயிலாச்சே என்று விட்டுவைக்க மனம் வரவில்லை. ஏனென்றால் டீசல் கலந்தால் ஆயில் நீர்த்துப்போகும், கரி சேர்ந்தால் கெட்டியாகும். இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று மறைத்துவிடும். இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்க்கிறவருக்கு ஆயில் சரியாக இருப்பதுபோலவே தெரியும். அதனால் விரலைவிட மூக்கையும் கோட்டையும் நம்புகிறேன்.

ஊற்றும் மூடியின் அடியில் பால் கலந்த காபி நிறத்தில் பசை இருந்தால், குளிர் நாட்களில் குறைந்த தூரமே ஓட்டியதால் படிந்த ஈரமாக இருக்கலாம். நீண்ட தூரம் ஒரு ஓட்டு ஓட்டினால் போய்விடும். அதே நிறம் டிப்ஸ்டிக்கிலும் இருந்து, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் கதை வேறு. எஞ்சின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் அல்லது ஆயில் கூலர் போயிருக்கும். வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது நான் அதிகம் நம்பும் சோதனை. எஞ்சின் சூடாக இருக்கும்போது டிப்ஸ்டிக் முனையிலிருந்து ஒரே ஒரு சொட்டை வடிதாளில் விடுங்கள். தாளை ஒரு டம்ளர் வாய்மேல் வைத்தால் அடிப்பக்கம் எதிலும் படாது. ராத்திரி முழுக்க அப்படியே இருக்கட்டும். காலையில் நடுவில் கருமை, அதைச் சுற்றி மெல்ல மெல்லச் சாம்பல் நிறம், ஓரத்தில் மஞ்சள் என்று பரவியிருந்தால் மருந்து இன்னும் உயிரோடு இருக்கிறது. கரி முழுவதும் நடுவிலேயே சிறு வட்டமாக, கத்தியால் வெட்டிய ஓரத்தோடு நின்றிருந்து, வெளியே வெறும் எண்ணெய்க் கறை மட்டும் படர்ந்திருந்தால் இனி அந்த ஆயிலை ஓட்டக் கூடாது. இது ஆய்வகச் சோதனைக்கு ஈடாகாது. ஆனால் நான் ஒவ்வொரு 1,000 கி.மீ.க்கும் ஒரு தாளை எடுத்து, தேதியும் மீட்டரும் எழுதி நோட்டில் ஒட்டுகிறேன். ஐந்தாறு தாள்களை வரிசையாகப் பார்த்தால் எந்த இடத்தில் ஓரம் இறுகத் தொடங்குகிறது என்று பளிச்சென்று தெரியும்.

சரி, எத்தனை கி.மீ.க்கு மாற்றுவது? கி.மீ. மட்டும் பார்ப்பது போதாது என்பது என் உறுதியான எண்ணம். டிராக்டர், ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் மணிக்கணக்கில்தான் மாற்றுகிறார்கள். 250 மணி நேரம் என்பது அங்கே பழகிய கணக்கு. காருக்கும் அதைப் போட்டுப் பாருங்கள். கையேடு 10,000 கி.மீ. என்கிறது. நெடுஞ்சாலையில் சராசரி 50 கி.மீ. வேகம் என்றால் அது 200 மணி நேரம். நகர நெரிசலில் சராசரி 20 என்றால் 500 மணி நேரம். மீட்டரில் ஒரே எண், ஆயில் பட்ட பாடு இரண்டரை மடங்கு. அதனால் என் வழி இதுதான்: ஒரு வாரத்துச் சராசரி வேகத்தை 250 ஆல் பெருக்குகிறேன். நகரத்தில் 5,000 கி.மீ. வரும். நெடுஞ்சாலையில் 12,500 வந்தாலும் கையேட்டின் 10,000-ஐத் தாண்டுவதில்லை. ஓடாமல் நின்றாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவேன். தினமும் நாலைந்து கி.மீ. மட்டும் ஓடும் வண்டி என்றால் இன்னும் சீக்கிரம். வெப்பமானி முள் நடுவுக்கு வந்தபிறகும் ஆயில் சூடேற வெகுநேரம் ஆகும். சூடேறாத ஆயிலிலிருந்து ஈரமும் டீசலும் வெளியேறாது.

ஆயில் தேர்வில் கையேடுதான் கடைசி வார்த்தை. ஆயில் டப்பாவில் இருக்கும் ஏபிஐ என்ற தரக் குறியீட்டில் 'சி'யில் தொடங்குவது டீசலுக்கு: சிஎஃப்-4 கேட்கும் எஞ்சினுக்கு அதற்கு அடுத்து வந்த சிஎச்-4, சிஐ-4 ஊற்றலாம். ஃபோக்ஸ்வேகனின் பழைய யூனிட் இன்ஜெக்டர் (பம்பும் இன்ஜெக்டரும் ஒன்றாக உள்ள) எஞ்சின்களில் கேம் பெரிய அழுத்தத்தைத் தாங்குகிறது, அங்கே 505.01 போல அந்த நிறுவனம் அந்த எஞ்சினுக்கென்றே ஒப்புக்கொண்ட தரம் கட்டாயம். புகைபோக்கியில் டீசல் துகள் வடிகட்டி உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும்.

மாற்றும் வேலைக்கு வருவோம். எஞ்சின் கை பொறுக்கும் சூட்டில் இருக்கட்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே போகாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். கையுறை போடுங்கள், பழைய டீசல் ஆயில் தோலுக்கு ஆகாது. வடியும் ஆயிலில் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். செம்பு நிறத்தில் மினுமினுத்தால் பேரிங் தேய்கிறது. டிரெய்ன் போல்ட்டுக்குப் புது வாஷர்.

ஃபில்டரைக் கழற்றியதும் பழைய ரப்பர் வளையம் அதோடு வந்துவிட்டதா என்று பாருங்கள். ஒருமுறை ஒரு பட்டறையில் பழைய வளையம் எஞ்சினிலேயே ஒட்டியிருந்ததைக் கவனிக்காமல் புது ஃபில்டரை அதன்மேல் முறுக்கிவிட்டார்கள். 3 கி.மீ. போவதற்குள் ஆயில் விளக்கு எரிந்தது. நல்லவேளை, உடனே அணைத்தேன். பின்னால் திரும்பிப் பார்த்தால் சாலையில் கறுப்புக் கோடு. அன்றிலிருந்து யார் மாற்றினாலும் அந்த இடத்தைத் துணியால் துடைத்து, விரலால் சுற்றித் தடவிப் பார்த்த பிறகே புதியதைப் போட விடுகிறேன்.

புது வளையத்தில் ஆயில் தடவி, கையால் முறுக்கி, வளையம் தொட்டபின் முக்கால் சுற்று. கையேடு சொல்லும் அளவைவிட அரை லிட்டர் குறைத்து ஊற்றுங்கள். ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் பண்ணுங்கள். விளக்கு அணைய சில நொடி ஆகும். அதுவரை டர்போவுக்கு ஆயில் போய்ச் சேர்ந்திருக்காது. பத்து நொடியில் அணையவில்லை என்றால் எஞ்சினை நிறுத்துங்கள். அப்புறம் பத்து நிமிடம் பொறுத்து, மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். கோட்டுக்கு மேலே போனால் சுழலும் கிராங்க் தண்டு அதைக் கடைந்து நுரையாக்கும். எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாய்க்குள் அந்த ஆயில் அதிகமாகப் போய்விட்டால் டீசல் எஞ்சின் அதையே எரித்து, சாவியை எடுத்த பிறகும் தானாகவே வேகமெடுக்கும்.

உள்ளே மண்டி படிந்த வண்டியை வாங்கியிருந்தால் கசடைக் கரைக்கும் ஃப்ளஷ் திரவம் ஊற்றாதீர்கள். ஒரேயடியாகக் கரைந்து வரும் கசடு சம்ப்பில் ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும். 1,500 கி.மீ.க்கு ஒருமுறை என்று இரண்டு மூன்று தடவை ஆயிலும் ஃபில்டரும் மாற்றினால் தானாகவே மெல்லத் துப்புரவாகும்.

வடித்த ஆயிலைக் கேனில் மூடி, பழைய ஆயில் வாங்குகிற இடத்தில் கொடுங்கள். மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்ற வேண்டாம். மறுநாள் காலை போல்ட்டையும் ஃபில்டரையும் துணியால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் நோட்டில் மீட்டரை எழுதி, முதல் தாளுக்கு ஒரு சொட்டு எடுத்து வையுங்கள்.