ஓடப் பழகுபவர்களிடம் செயலியைக் கொண்டுபோகும் முன்

1996-இல் ஜோஷ் கிளார்க் உருவாக்கிய 'கவுச் டு 5கே', புதிதாக ஓடத் தொடங்குபவர்களை ஐந்து கிலோமீட்டர் ஓடவைக்கும் ஒன்பது வார ஓட்டப் பயிற்சி. அதைப் பின்பற்றுபவர்களின் இணையக் குழுக்களில் ஒரு பயம் அடிக்கடி தலைகாட்டும். ஐந்தாம் வாரத்தின் இரண்டாம் ஓட்டத்தில் எட்டு நிமிடம் ஓடி, சற்று நடந்து, மறுபடி எட்டு நிமிடம் ஓடினால் போதும். மூன்றாம் ஓட்டமோ நிற்காமல் 20 நிமிடம். "என்னால் முடியுமா?" என்று ஒருவர் கேட்கிறார். அதன் கீழே நம் ஓட்டப் பயிற்சிச் செயலியின் இணைப்பை ஒட்டிவிட்டுப் போவதைவிடப் பெரிய தவறு, செயலியை மக்களிடம் கொண்டுசேர்க்கும் இந்த வேலையில் இல்லை என்பேன்.

அவருக்கு அப்போது வேண்டியது பதில். பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம் போதும், முடியாவிட்டால் அதே ஓட்டத்தை இன்னொரு நாள் மறுபடி செய்யலாம் என்று சொல்லுங்கள். செயலியின் பெயரே வர வேண்டாம். இப்படிப் பல வாரங்கள் உடனிருந்தால், எதை வைத்துப் பயிற்சி செய்கிறீர்கள் என்று அவர்களே கேட்பார்கள். அப்போது, அதை உருவாக்கும் நிறுவனத்தில் வேலை செய்கிறீர்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

இதை மறைத்து, பயனாளர்போல் வேடமிட்டுப் பாராட்டி எழுதுவது வெறும் நாகரிகக் குறைவு அல்ல. போலி விமர்சனங்களைத் தடைசெய்யும் விதி அமெரிக்காவில் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. குழு நடத்துநர்களும் உங்கள் பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்ப்பார்கள். ஒரே வாசகத்தைப் பத்துக் குழுக்களில் ஒட்டியிருந்தால் அங்கேயே பிடிபடுவீர்கள்.

யாரைக் குறிவைக்கிறோம் என்பதுதான் எனக்கு மிகவும் வலிக்கும் இடம். பிரசவித்துச் சில வாரங்களே ஆன தாய்மார்களின் குழுவிலும், உணவுக் கோளாறிலிருந்து மீண்டு வருபவர்களின் குழுவிலும் 'முன்பு, பின்பு' படங்களோடு எடைக் குறைப்பு விளம்பரம் போடக் கூடாது. அவர்கள் அங்கே கூடுவது ஆறுதலுக்காக. அந்த ஆறுதலைக் குலைத்துக் கிடைக்கும் பதிவிறக்கம் நமக்கு வேண்டாம்.

ஓடிய பாதையின் வரைபடத்தைப் பகிரச் சொல்லும் போட்டிகளிலும் கவனம் தேவை. ஓட்டங்களைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலி, தன் பயனாளர்கள் சென்ற பாதைகளைக் காட்டி 2017-இல் வெளியிட்ட உலக வரைபடத்தில் ராணுவத் தளங்களின் உட்பாதைகளே தெரிந்துவிட்டன. தனியாக ஓடும் ஒரு பெண்ணின் வரைபடம் அவர் வீட்டு வாசலைக் காட்டிவிடும். பாதையின் தொடக்கமும் முடிவும் தாமாகவே மறையும்படி செயலியை மாற்றிவிட்டுப் போட்டியை அறிவியுங்கள்.