சராசரி போடும்போது சறுக்கும் இடங்கள்

ஓ.எம்.ஆரில் பத்துப் பேர் கொண்ட ஒரு சின்ன அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது பேருக்கு மாதம் 25,000 ரூபாய், முதலாளிக்கு 4 லட்சம். மொத்தம் 6,25,000, பத்தால் வகுத்தால் 62,500. "எங்களிடம் சராசரிச் சம்பளம் அறுபதாயிரத்துக்கு மேல்" என்று விளம்பரம் போடலாம், அதில் பொய்யும் இல்லை. ஆனால் அந்தத் தொகையை அங்கே யாருமே வாங்கவில்லை. சம்பளம், வாடகை, மனை விலை என ஒன்றிரண்டு எண்கள் மட்டும் எகிறி நிற்கும் இடங்களில் கூட்டுச் சராசரியை நம்பாமல் இடைநிலை அளவை, அதாவது எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் நடுவில் வருவதைப் பாருங்கள். இங்கே அது 25,000. முதலாளி தன் சம்பளத்தை 40 லட்சமாக ஏற்றிக்கொண்டாலும் அது அசையாது.

இடைநிலைக்கு முதலில் எண்களை வரிசைப்படுத்த வேண்டும். 7, 2, 9, 4, 5 என்று கொடுத்தால் நடுவில் கிடக்கும் 9-ஐ எடுத்து எழுதிவிடுகிறார்கள், விடை 5. முகட்டில், அதாவது அதிகத் தடவை வரும் எண்ணில், வேறு குழப்பம். ரங்கநாதன் தெருக் கடையில் 8-ஆம் நம்பர் செருப்புதான் அதிகமாக, 14 ஜோடி விற்றது என்றால் முகடு 8. பரீட்சையில் 14 என்று எழுதிவிட்டு வரும் பிள்ளைகள் ஏராளம்.

சராசரிகளுக்குச் சராசரி போடுவது படித்தவர்களும் செய்கிற தப்பு. 'ஏ' பிரிவில் 40 பேர், சராசரி 60. 'பி' பிரிவில் 20 பேர், சராசரி 75. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 67.5 என்பார்கள். மொத்த மதிப்பெண் 2,400 + 1,500 = 3,900; அதை 60 பேருக்கு வகுத்தால் 65தான். வேகத்திலும் இதே கதை. தாம்பரத்திலிருந்து பாரிமுனைக்கு மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போய், அதே வழியில் சாயங்கால நெரிசலில் 20 கி.மீ. வேகத்தில் திரும்பினால் சராசரி வேகம் 25 இல்லை, 24. மெதுவாக வந்த பாதிக்குத்தானே அதிக நேரம் பிடித்தது!

அப்புறம் மழை. சென்னைக்கு ஆண்டுச் சராசரி சுமார் 1,400 மி.மீ. இதைப் பன்னிரண்டால் வகுத்து மாதத்துக்குச் சுமார் 117 மி.மீ. என்று சொன்னால் கணக்கு சரி, ஊர் தப்பு. பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. வருடத்துக்கு வருடமும் அப்படித்தான். 2015 டிசம்பரில் அடையாற்றங்கரை வீடுகள் மூழ்கின; 2019 கோடையில் புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டு, குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தோம். ஆகக் குறைந்தது எவ்வளவு, ஆக அதிகம் எவ்வளவு என்றும் கேட்காமல் வெறும் சராசரியை வைத்துக்கொண்டு ஏரியும் வெட்ட முடியாது, வடிகாலும் கட்ட முடியாது.

சராசரியே போடக் கூடாத எண்களும் உண்டு. தி.நகர் பின்கோடு 600017, மயிலாப்பூர் 600004. கணினியில் கொடுத்தால் மறுபேச்சில்லாமல் 600010.5 என்று தரும். 600010 கீழ்ப்பாக்கம், இரண்டுக்கும் நடுவில்கூட இல்லை. பின்கோடு என்பது எண் வடிவில் இருக்கும் ஒரு பெயர், அவ்வளவுதான். அதற்குப் பொருந்துவது முகடு மட்டுமே: எந்தப் பின்கோடிலிருந்து அதிக ஆர்டர் வருகிறது என்று கேட்டால் கடைக்காரருக்கு உதவும்.