எஸ்.பி.எஸ்.எஸ். (SPSS) புள்ளியியல் மென்பொருளைத் திறக்கும் முன் தாளில் ஒரு கை-வர்க்கச் சோதனை

நாகர்கோவில் சுற்றுவட்டாரக் கல்லூரிகளில் சமூகவியல், சமூகப்பணி படிப்பவர்களுக்குக் களப்பணி என்றால் பயமில்லை. வினாநிரலை எடுத்துக்கொண்டு குளச்சலுக்கோ முட்டத்துக்கோ பஸ் ஏறிவிடுவார்கள். ‘புள்ளியியல் பகுப்பாய்வு’ அத்தியாயம் வரும்போதுதான் கை உதறும். காசு கொடுத்து அட்டவணை வாங்கி ஒட்டினால் வாய்மொழித் தேர்வில் விழிக்க நேரிடும். கழிக்கவும் பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தால் போதும், வாருங்கள்.

படி 1: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள். “மீன் விற்கும் பெண்களில், சுயஉதவிக் குழுவில் இருப்பதற்கும் வங்கியில் சேமிப்பதற்கும் தொடர்பு உண்டா?” இரண்டுக்கும் விடை ஆம் அல்லது இல்லை. இப்படி வகைகளாக வரும் விடைகளுக்கு ஏற்றது, 1900இல் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் தந்த கை-வர்க்கச் சோதனை (chi-square test).

படி 2: கேட்கும் மாதத்தைக் கவனியுங்கள். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் நம் மாவட்டத்தில் இரண்டு. சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூலையில் போய் “சென்ற மாத வருமானம் எவ்வளவு?” என்று இரு பக்கமும் கேட்டு ஒப்பிட்டால், நீங்கள் அளப்பது ஊர்களின் வேறுபாட்டை அல்ல, தடைக்காலத்தை. எந்த மென்பொருளும் இதைச் சொல்லாது.

படி 3: ஒருவருக்கு ஒரு வரிசை. ஆம் 1, இல்லை 0. பதில் வராத கட்டத்தைக் காலியாக விடுங்கள். அங்கே 0 போட்டால் அது ‘இல்லை’ ஆகிவிடும்.

படி 4: எண்ணுங்கள். பயிற்சிக்காக 100 பேர், எண்கள் கற்பனை:

குழுவில் உள்ளோர் 60: சேமிப்போர் 42, சேமிக்காதோர் 18
குழுவில் இல்லாதோர் 40: சேமிப்போர் 18, சேமிக்காதோர் 22

முதலில் சதவீதம் பாருங்கள்: 70, 45. பாதிக் கதை இங்கேயே தெரிந்துவிட்டது.

படி 5: தொடர்பே இல்லையென்றால் என்ன வந்திருக்கும்? மொத்தத்தில் சேமிப்போர் 60. வரிசைக் கூட்டுத்தொகையை நெடுவரிசைக் கூட்டுத்தொகையால் பெருக்கி 100ஆல் வகுங்கள்: 60 × 60 ÷ 100 = 36. மற்ற கட்டங்களில் இதேபோல் 24, 24, 16. கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் நான்கிலும் வேறுபாடு 6. அதன் வர்க்கம் 36. அதை ஒவ்வொரு எதிர்பார்ப்பு எண்ணாலும் வகுத்துக் கூட்டினால்:

1 + 1.5 + 1.5 + 2.25 = 6.25

இரண்டுக்கு இரண்டு அட்டவணைக்குக் கட்டின்மைப் படி (degrees of freedom, கூட்டுத்தொகைகள் தெரிந்தபின் விருப்பம்போல் மாறக்கூடிய கட்டங்களின் எண்ணிக்கை) 1. 5 சதவீத மட்டத்தில் எல்லை 3.84, அதாவது தொடர்பே இல்லாதபோது விடை இதைத் தாண்ட நூற்றில் ஐந்து வாய்ப்புதான். நம் விடை அதைத் தாண்டுவதால், தொடர்பு தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. எதிர்பார்ப்பு எண் ஏதாவது 5க்குக் கீழே போனால் இந்தச் சோதனையை விட்டு, சிறிய எண்களுக்கும் பொருந்தும் ஃபிஷர் சோதனைக்குப் போங்கள்.

படி 6: இதே எண்களை ஜமோவி (jamovi) என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டுச் சரிபாருங்கள், அது இலவசம். அதிலும் 6.25 வரும். அருகில் தொடர்ச்சித் திருத்தத்துடன் (continuity correction) சற்றுக் குறைவான இன்னொரு எண்ணும் கேட்டால் கிடைக்கும், குழம்ப வேண்டாம். p மதிப்பு, அதாவது தொடர்பே இல்லாதபோதும் இவ்வளவு பெரிய விடை தற்செயலாக வரும் வாய்ப்பு, ஏறத்தாழ 0.012.

ஆய்வேட்டில் “குழுவில் சேர்ந்ததால் சேமிப்பு கூடியது” என்று எழுதிவிடாதீர்கள். சேமிக்கும் பழக்கம் உள்ளவர்களே குழுவில் சேர்ந்திருக்கலாம். “குழு உறுப்பினர்களில் 70 சதவீதமும் மற்றவர்களில் 45 சதவீதமும் வங்கியில் சேமிக்கின்றனர், கை-வர்க்கம் 6.25, கட்டின்மைப் படி 1, p = 0.012” என்று எழுதினால் போதும்.