மோதிரத்துக்குள் நுழையும் சால்வை: முதல் துண்டு

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஷெட்லாந்து தீவுகளின் வடகோடியில் இருக்கும் அன்ஸ்ட் தீவு, கையால் நூற்ற இழையில் பின்னிய லேஸ் சால்வைகளுக்குப் பெயர்பெற்றது. ஒரு முழுச் சால்வையைத் திருமண மோதிரத்துக்குள் நுழைத்து இழுத்துவிடலாம். அந்த ஆசையை ஓரமாக வையுங்கள். முதலில் கைக்குட்டை அளவுக்கு ஒரு துண்டு பின்னுவோம்.

நூல்தான் பாதி வேலை. ஷெட்லாந்து ஆட்டின் கழுத்து மயிர் மிக மென்மையானது. முன்பு அதைக் கத்தரிக்காமல், உதிரும் பருவத்தில் கையாலேயே பறித்தெடுத்தார்கள். நமக்குச் சீவிய மென்கம்பளி எதுவானாலும் போதும். தக்ளியை (கையால் சுழற்றும் நூற்புக் கதிரை) சுழற்றி மெல்லிய இழை நூற்றுக்கொள்ளுங்கள். அவ்வப்போது ஒரு சாண் நூலைத் தளர்த்தி மடக்கிப் பாருங்கள். தானே சுருண்டு பின்னிக்கொண்டால் சரி. சும்மா தொங்கினால் முறுக்குப் போதவில்லை. மெல்லிசாக நூற்பதிலேயே குறியாக இருந்து முறுக்கை மறந்தவள் நான். ஒரு மாத உழைப்பு கடைசி நாளில் அறுந்தது. இரண்டு இழைகளை எதிர்த்திசையில் சேர்த்து முறுக்கி, வெந்நீரில் நனைத்து உலர்த்துங்கள்.

பின்னல் ஊசி 3.5 மி.மீ. நூலுக்குப் பெரிதாகத்தான் தெரியும், மாற்றாதீர்கள்.

42 கண்ணிகளை (ஊசியில் ஏறும் நூல் வளையங்களை) தளர்வாக ஏற்றி, 6 வரிசை ‘நேர்’ பின்னலாக (நிட்) பின்னுங்கள். இனி ‘ஓல்டு ஷேல்’ என்ற பழைய அலை வடிவம். இரு ஓரங்களிலும் மும்மூன்று கண்ணிகள் எப்போதும் நேர். நடுவில் உள்ள 36 கண்ணிகளுக்கு:

1: எல்லாம் நேர்.
2: எல்லாம் பர்ல் (நேருக்கு எதிர்ப் பின்னல்).
3: இரண்டிரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்து நேராக மூன்று முறை, ‘ஊசிமேல் நூலைச் சுற்று, ஒன்று நேர்’ என ஆறு முறை, மறுபடி இரண்டிரண்டாக மூன்று முறை. இதே வரிசையில் இதை இருமுறை செய்யுங்கள்.
4: எல்லாம் நேர். கைக்குட்டை அளவு வரும்வரை இந்த நான்கு வரிசைகளையும் திரும்பத் திரும்பப் பின்னுங்கள்.

மூன்றாம் வரிசையில் பன்னிரண்டு துளைகள் பிறக்கின்றன, பன்னிரண்டு கண்ணிகள் மறைகின்றன. வடிவமைப்பாளரின் மூளை வேலை செய்வது இந்தக் கணக்கில்தான். இங்கே கூட்டலும் கழித்தலும் தள்ளித் தள்ளி நிற்பதால் துணி அலையாக வளைகிறது. அருகருகே வைத்தால் நேராகக் கிடக்கும். அப்படி ஒரு வடிவமைப்பாளர் நியூசிலாந்தின் மார்கரெட் ஸ்டோவ், 1982இல் பிறந்த இளவரசர் வில்லியமுக்கு அந்நாட்டின் பரிசாக லேஸ் சால்வை உருவாக்கியவர். நூற்பையும் பின்னலையும் ஒரே கலையாகக் கையாண்டவர்.

எட்டு வரிசைக்கு ஒருமுறை, ஊசியில் உள்ள கண்ணிகள் வழியே வேறு நிறத் தையல் நூலைக் கோத்துவிடுங்கள். தவறினால் அதுவரை மட்டும் பிரித்தால் போதும்.

பின்னி முடித்தது கசங்கிய கந்தல்போல இருக்கும், பயப்படாதீர்கள். தளர்வாக முடித்து, நனைத்து, துண்டில் சுற்றிப் பிழிந்து, மெத்தையில் விரித்து இழுத்துக் குண்டூசி குத்துங்கள். அலை ஓரத்தின் ஒவ்வொரு முகட்டுக்கும் ஓர் ஊசி வேண்டும். ஓரத்தை நேராக்கப் பார்க்காதீர்கள். முழுதாக உலரும்வரை ஊசிகளை எடுக்காதீர்கள்.