தோட்டக் காற்றில் ஃபிலிம் ஹோல்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பழைய லயங்களையும் (தொழிலாளர் வரிசை வீடுகள்), முனியாண்டி கோயில்களையும், செம்பனைக்காக (எண்ணெய்ப்பனை) வெட்டப்பட்டுக்கொண்டிருக்கும் பால்மரக் (ரப்பர்) காடுகளையும், தனித்தனி ஃபிலிம் தாளில் படமெடுக்கும் லார்ஜ் ஃபார்மட் கேமராவில் பதிவு செய்ய விரும்புகிறவர்கள் லென்சைப் பற்றியும் முக்காலியைப் பற்றியும் நிறையப் பேசுகிறார்கள். ஃபிலிம் ஹோல்டரைப் பற்றிப் பேசுவது குறைவு. எடுத்த படம் கழுவப்படும்வரை அந்த ஹோல்டருக்குள்தான் இருக்கிறது. இடிக்கப்படவிருக்கும் லயத்தை அடுத்த மாதம் போய் மறுபடியும் எடுத்துக்கொள்ள முடியாது என்பதால், ஹோல்டரை எப்படித் தூக்கிச் செல்வது, எப்படிக் காப்பது என்பது சில்லறை விஷயமன்று.

வழக்கமான 4×5 அங்குல ஹோல்டரில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஃபிலிம் தாள்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் டார்க் ஸ்லைடு என்னும், உருவி எடுக்கக்கூடிய ஒளிபுகாத தகடு ஒன்று மூடியிருக்கும். ஸ்லைடு நுழையும் வாயில் துணியும் மெல்லிய தகடும் சேர்ந்த ஒளித்தடுப்பு ஒன்று உண்டு. ஸ்லைடை முழுவதும் உருவிய நேரத்தில் வெளிச்சத்தைத் தடுப்பது அது மட்டுமே. பிளாஸ்டிக் ஹோல்டர் ஒன்று ஏறக்குறைய 170 கிராம் எடை இருக்கும். பத்து ஹோல்டர் எடுத்துச் சென்றால் இருபது படம். எடை இரண்டு கிலோவுக்குள் அடங்கிவிடும்.

முதல் பெருந்தவறு, வறண்ட நாடுகளில் எழுதப்பட்ட அறிவுரையை அப்படியே இங்கே கடைப்பிடிப்பதாகும். அங்கே பெரிய பகை தூசும், அந்தத் தூசை ஃபிலிமில் ஒட்டவைக்கும் நிலைமின்சாரமும் ஆகும். அதனால்தான் குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவி பரவிய பிறகு ஃபிலிம் ஏற்றச் சொல்கிறார்கள். வெளியில் கிளம்பும்போது ஒவ்வொரு ஹோல்டரையும் ஜிப் பையில் போட்டு இறுக மூடச் சொல்கிறார்கள். அவர்கள் ஊருக்கு இரண்டும் பொருத்தமானவை. பேராக் மாநிலத்தின் தோட்டப்புறத்தில், விடியற்காலைக் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். இங்கே ஆவி பிடிக்கத் தேவையே இல்லை. ஏற்கெனவே இருக்கும் ஈரத்தை எங்கே வெளியே நிறுத்துவது என்பதுதான் கேள்வி.

ஜிப் பையை எந்த இடத்தில் வைத்து மூடுகிறோம் என்பதில்தான் இங்கே பெரும்பாலோர் தவறுகிறார்கள். பை வெளிக்காற்றைத் தடுக்கும். மூடும் நேரத்தில் உள்ளே சிக்கிய காற்றை அது உலர்த்தாது. நண்பகலில் தோட்டத்தில் நின்றுகொண்டு, 31 பாகை செல்சியஸ் வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றோடு சேர்த்து ஹோல்டரை மூடிவிட்டதாக வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று ஏறக்குறைய 25 பாகைக்குக் குளிர்ந்தாலே அதிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும். காரில் ஏறி ஏர்கோனை 20 பாகையில் வைத்து, பையை அதன் வாய்க்கு நேரே இருக்கையில் போட்டால், பைக்குள்ளேயே வியர்க்கும். ஃபிலிமின் எமல்ஷன், அதாவது ஒளியை உணரும் பூச்சு, ஜெலட்டினால் ஆனது. அது ஈரத்தை உறிஞ்சி உப்பும், மென்மையாகும். நீர்த்துளி விழுந்து காய்ந்த இடத்தில் தடம் விழும். அது கழுவிய பிறகும் போகாமல் இருக்கலாம்.

எதிர்த்திசையிலும் இதே ஆபத்து உண்டு. இரவெல்லாம் குளிரூட்டிய அறையில் இருந்த ஹோல்டரை விடிந்ததும் எடுத்துச் சென்று, லயத்து வாசலில் இறங்கிய உடனே பையைத் திறந்தால், குளிர்ந்த ஹோல்டரின் மேல் வெளிக்காற்றின் ஈரம் நொடியில் படிந்துவிடும். லென்சில் மூடுபனி படிவதைக் கண்ணால் பார்க்கிறோம். ஸ்லைடுக்குப் பின்னால் இருக்கும் ஃபிலிமில் படிவதை யாரும் பார்ப்பதில்லை.

ஆகவே ஃபிலிமை முந்திய இரவே குளிரூட்டிய, உலர்ந்த அறையில் ஏற்றி, ஹோல்டர்களை அந்த அறையிலேயே பையில் இட்டு மூடிவிட வேண்டும். 22 பாகையில் 55 விழுக்காடு ஈரப்பதத்தோடு அடைபட்ட காற்று, வெளியே போய் 32 பாகைக்குச் சூடாகும்போது அதன் ஈரப்பதம் ஏறக்குறைய 30 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். அதாவது, மூடிய பையின் உட்புறம் வெளியே போகப் போக மேலும் உலர்கிறது. இடத்தைச் சேர்ந்ததும், ஹோல்டர்கள் வெளிச்சூட்டுக்கு வரும்வரை பையைத் திறக்காமல் அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும்; முக்காலியை நிறுத்தி, காட்சியைத் தேர்ந்து, ஃபோகஸ் செய்து முடிப்பதற்குள் அந்த நேரம் தானாகவே கழிந்துவிடும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்த ஃபிலிம் பெட்டியை உடனே பிரித்து ஏற்றுவதும் இதே காரணத்தால் தவறு. பெட்டி அறையின் சூட்டுக்கு வர இரண்டு மணி நேரமாவது விட வேண்டும்.

ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லை நம்புகிறவர்கள் பலர். நம்பலாம், ஆனால் காலணிப் பெட்டியிலிருந்தும் மாத்திரைப் போத்தலிலிருந்தும் எடுத்துச் சேர்த்த பழைய பொட்டலத்தை நம்பக்கூடாது. நம் வீட்டுக் காற்றில் திறந்து கிடந்த பொட்டலம் ஏற்கெனவே ஈரம் குடித்து நிறைந்துவிட்டது; அதைப் பையில் போடுவது வெறும் மன ஆறுதல். நிறம் மாறும் வகையை வாங்கி, நிறம் மாறியதும் ஓவனில் 120 பாகை அளவில் இரண்டு மணி நேரம் சூடாக்கி, ஆறிய உடனே காற்றுப் புகாத போத்தலில் அடைத்து வைத்தால் பல முறை பயன்படும். குருணை உடைந்து வரும் பொடி ஹோல்டரில் படாதபடி பொட்டலம் துணியாலோ தாளாலோ நன்கு மூடியிருக்க வேண்டும்.

சூட்டைப் பொறுத்தவரை எல்லாருக்கும் தெரிந்த தவறையே எல்லாரும் செய்கிறார்கள்: வெயிலில் நிறுத்திப் பூட்டிய காருக்குள் ஹோல்டரை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள். மோட்டார் சைக்கிளின் பின்பெட்டி அதைவிட மோசமானது. கறுப்பு நிறப் பெட்டிக்கு வெயிலும் உண்டு, தூசும் உண்டு, குலுக்கலும் உண்டு. சாப்பாடு எடுத்துச் செல்லும் துணிக் குளிர்ப்பை இதற்கு மிகவும் ஏற்றது. நான்கைந்து ஹோல்டர்கள் நிமிர்ந்து நிற்கும், விலையும் குறைவு. ஆனால் அதற்குள் ஐஸ் கட்டியோ உறைந்த ஜெல் பையோ வைக்கக்கூடாது. வைத்தால் மேலே சொன்ன வியர்வையை நாமே விலைகொடுத்து வாங்கியதாகிவிடும். பையின் வேலை வெளிச்சூட்டை உள்ளே விடாமல் நிறுத்துவது மட்டுமே.

ஈரம் பெரிய பகை என்பதால் தூசை மறந்துவிடலாம் என்பதில்லை. மழை பெய்யாத ஒரு வாரத்தில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி செம்மண் சாலையில் ஒரு முறை போனால் போதும். அந்தப் புழுதி அடங்கச் சில நிமிடங்கள் ஆகும். அந்த நேரத்தில் ஹோல்டரை வெளியே எடுப்பதும் ஸ்லைடை உருவுவதும் தவறு. லாரிச் சத்தம் கேட்டதும் கேமராவின் மேல் கறுப்புத் துணியைப் போர்த்திவிட்டுக் காத்திருப்பதே நல்லது. தூசு ஃபிலிமை அடைவது பெரும்பாலும் ஸ்லைடு வழியாகத்தான். உருவிய ஸ்லைடை முக்காலியின் காலடியில் சாய்த்து வைத்து, பிறகு அப்படியே செருகினால், அதில் ஒட்டிய புழுதி முழுவதையும் ஒளித்தடுப்பின் துணி வாங்கிக்கொள்ளும். அடுத்தடுத்த முறைகளில் அதையே ஃபிலிமின் மேல் உதிர்க்கும். ஸ்லைடைக் கையிலேயே வைத்திருங்கள். செருகுமுன் சுத்தமான மென்துணியால் ஒரு முறை துடையுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். வீடு திரும்பியதும் காலி ஹோல்டர்களைச் சிறு தூரிகையால் துடைத்து வைக்கும் பழக்கம் இருந்தால் பாதிப் புள்ளிகள் குறைந்துவிடும்.

அந்த ஒளித்தடுப்பை ஒரு முறையாவது அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்லைடு முழு அகலத்துக்கும் நேராக நுழையும்போது துணி இரு ஓரங்களிலும் ஒரே அளவில் விலகி, உடனே அதை அணைத்துக்கொள்ளும். அவசரத்தில் ஒரு மூலையை முதலில் செருகினால், அந்த மூலை துணியைத் தள்ளித் திறக்க, மறு ஓரம் வரைக்கும் ஒரு மெல்லிய சந்து உண்டாகிறது. நம் ஊர் நண்பகல் வெயிலுக்கு அந்தச் சந்து போதும். உருவும்போதும் இதே நேர்கோடு வேண்டும். கோலகங்சாரில், 1877-இல் நடப்பட்ட கன்றுகளில் ஒன்று என்று சொல்லப்படும் பழைய ரப்பர் மரத்தைப் போல, சாலையோரத் திறந்தவெளியில் நிற்கும் ஒன்றைப் படமெடுக்கும்போது, கேமராவின் பின்புறத்தையும் ஹோல்டரின் வாயையும் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டு, அதன் நிழலுக்குள்ளேயே ஸ்லைடை உருவவும் செருகவும் வேண்டும். காரின் கூரைமேல் ஹோல்டரை வைத்துவிட்டு ஒளி மீட்டர் பார்ப்பது வெளிச்சத்தையும் சூட்டையும் ஒன்றாக அழைப்பதாகும். ஸ்லைடை உருவியதும் உடனே ஷட்டரை அழுத்தாமல் அரை நிமிடம் பொறுப்பதும் நல்லது, குறிப்பாகக் கோயிலுக்குள் எடுப்பவை போன்ற, ஷட்டர் நெடுநேரம் திறந்திருக்கும் நீண்ட எக்ஸ்போஷர்களில்; உலர்ந்த ஹோல்டரிலிருந்த ஃபிலிம் ஈரக்காற்றைச் சந்திக்கும்போது சற்று நெளியக்கூடும்.

ஸ்லைடின் கைப்பிடியில் ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. வெள்ளை வெளியே தெரிந்தால் எடுக்கப்படாத ஃபிலிம், கறுப்பு தெரிந்தால் எடுத்து முடித்தது என்பது பரவலான வழக்கம். தீமிதித் திருவிழாவின் கூட்டத்திலும் மேளச் சத்தத்திலும் இந்த ஒரு திருப்பத்தை மறப்பதால்தான் ஒரே தாளில் இரண்டு படங்கள் விழுகின்றன. திருப்பிச் செருகியதும் சிறு கம்பிக் கொக்கியையும் உடனே மேலே திருப்பிவிட வேண்டும். கொக்கி போடாத ஸ்லைடு, மோட்டாரின் குலுக்கலில் மெல்ல மேலேறும், அல்லது பையிலிருந்து இழுக்கும்போது கையோடு வந்துவிடும். எடுத்தவற்றையும் எடுக்காதவற்றையும் ஒரே பையில் கலந்து வைக்காமல் இரண்டு பைகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் எண்ணிட்டு, இடத்தையும் எக்ஸ்போஷரையும் பென்சிலால் சிறு குறிப்பேட்டில் எழுதுங்கள். பேனா மை மழையில் கரையும். பிற்பகல் மழை இங்கே நேரம் சொல்லிவிட்டு வருவதில்லை என்பதால், ஜிப் பைகளுக்கு வெளியே தோள்பைக்கும் ஒரு மழையுறை இருக்கட்டும்.

செம்பனை மரத்தடியில் குவித்திருக்கும் ஓலைகளின் மேல் பையைத் திறந்து வைக்க வேண்டாம், எறும்பு ஏறிவிடும். வீட்டில் அலமாரியின் மூலையில் போட்டு வைப்பதும் நல்லதன்று. கரப்பானுக்கு ஜெலட்டின் பிடித்த உணவு.

கடைசியாக, பழைய ஹோல்டர்களைச் சோதிக்காமல் வெளியே கொண்டு போவது. மர ஹோல்டர்கள் அழகானவை, ஆனால் நம் ஈரத்தில் மரம் உப்பி, ஸ்லைடு இறுகிவிடலாம், சட்டம் கோணலாகலாம். தோட்டப்புற வேலைக்கு நான் பிளாஸ்டிக் ஹோல்டரையே பரிந்துரைப்பேன். அதிலும், ஃபிலிம் ஏற்றத் திறக்கும் கீழ்மடிப்பைப் பிடித்திருக்கும் துணி டேப் ஆண்டுக்கணக்கில் மடிந்து மடிந்து வெடித்திருக்கும். புகைப்படத் தாளின் துண்டுகளை இருபுறமும் ஏற்றி, ஸ்லைடுகளை மூடியபடியே வெயிலில் சில நிமிடங்கள் திருப்பித் திருப்பிக் காட்டிவிட்டுக் கழுவிப் பாருங்கள். ஒளித்தடுப்பையும் தனியே பார்க்க வேண்டுமென்றால், ஹோல்டரைக் கேமராவில் பொருத்தி, லென்சை மூடிவைத்து, ஒரு ஸ்லைடை உருவிச் சற்று நேரம் வெயிலில் விட்டு, பிறகு அந்தத் தாளைக் கழுவுங்கள். கைப்பிடிப் பக்கத்து ஓரத்தில் கரும்பட்டை விழுந்தால் ஒளித்தடுப்புத் துணி தேய்ந்திருக்கிறது. எதிர்முனையில் விழுந்தால் மடிப்பின் டேப் போய்விட்டது. டேப்பை மாற்றும்போது கறுப்புத் துணி டேப்பையே ஒட்டுங்கள். மின்கம்பிக்குச் சுற்றும் டேப்பின் பசை நம் வெயிலில் இளகி, மடிப்பையும் ஸ்லைடையும் சேர்த்து ஒட்டிவிடும்.